சால்னாக் கையோடு ஒரு சிண்டிகேட் கூட்டம்

கோயம்புத்தூரை விட்டு நான் வெளியூர் போவது இரண்டு காரணத்துக்குத்தான். ஒன்று மோட்டார் விற்க, இன்னொன்று கல்யாணம் காட்சிக்கு. இந்தத் தடவை போனது உயர்கல்வியின் தரத்தை உயர்த்த. அதுவும் குற்றாலத்துக்கு, அதுவும் சீசன் சமயத்தில். சிரிக்காதீர்கள், அழைப்புக் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் வசந்தாமணி. அப்பா ஆரம்பித்த பம்ப் செட் பட்டறையை நடத்திவருகிறேன். ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட்டில், அதாவது ஆட்சிக்குழுவில், நான் ஓர் உறுப்பினர். குழுவில் தொழில் செய்பவர் ஒருவர் வேண்டும், பெண் ஒருவர் வேண்டும் என்று விதி இருந்ததாம். இரண்டு நாற்காலி போடச் சோம்பல்பட்டு என்னைப் போட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் இன்னும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது.

சிண்டிகேட் என்ன செய்யும் என்று எனக்கே ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஆள் எடுப்பது, கட்டடம் கட்டுவது, கல்லூரி திறப்பது, மூடுவது எல்லாம் அதன் முடிவில்தான் நடக்க வேண்டும். நடப்பில் என்னவென்றால் வடை வரும், காபி வரும், பிறகு தீர்மானங்கள் வரும். அவை முந்தின நாளே டைப் அடித்துத் தயாராக இருக்கும். எல்லாமே "விவாதித்து ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது" என்று முடியும். ஒரு தடவை ஏதோ குத்தகை விஷயத்தை எதிர்த்துத் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினேன். அடுத்த கூட்டத்துக்கு வந்த நடவடிக்கைக் குறிப்பைப் பிரித்தால், "உறுப்பினர் திருமதி வசந்தாமணி நிர்வாகத்தின் முயற்சிகளைப் பாராட்டிப் பேசினார்" என்று இருந்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டு வடையை மட்டும் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் காலையில் தென்காசியில் இறங்கினால் என்னைக் கூட்டிப்போக வரவேண்டிய காரைக் காணோம். உறுப்பினர் ஒருவரை எண்ணெய் மசாஜுக்குக் கூட்டிப் போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஆட்டோ பிடித்தேன்.

"எங்கக்கா போணும்?"

"குற்றாலம் போகோணுங்க."

"குளிக்கவா?"

"மீட்டிங்குக்குங்க. யுனிவர்சிடி மீட்டிங்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சீசன்ல வச்சிருக்காவளா. படிச்சவுக படிச்சவுகதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. குற்றாலம் வரும்வரை தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊரில் மழை என்றால் மழை, வெயில் என்றால் வெயில். இங்கே இரண்டுக்கும் நடுவில் சாரல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே முகத்தில் பொடிப்பொடியாகத் தூறுகிறது. குடை பிடித்தால் சிரிக்கிறார்கள், பிடிக்காவிட்டால் நனைகிறோம். நான் குடையை மடக்கிவிட்டுச் சிரிப்புக்குப் பயந்தே நனைந்தேன்.

கூட்டம் மறுநாள் காலையில்தான். முதல் நாளுக்கு "கள ஆய்வு" என்று போட்டிருந்தார்கள். எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றி இலத்தூர் போகிற சாலையில் இருக்கும் எங்கள் உறுப்புக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். உறுப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது. இது பெண்கள் கல்லூரி. சின்னக் கட்டடம், பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் மலை.

வாசலில் ஜன்னத் மேடம் நின்றுகொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர், கணக்கு வாத்தியார். முதல்வர் பணியிடத்தை நிரப்பாமலே விட்டதால் பொறுப்பு முதல்வர். தலையில் முக்காடு, மூக்கின் மேல் சோடா பாட்டில் கனத்துக்கு ஒரு கண்ணாடி. சாரலில் கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொள்ள, கழற்றித் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தவர், பொன்னாடையை விரித்து வேனிலிருந்து முதலில் இறங்கிய ஆளுக்குப் போர்த்தி, "துணைவேந்தர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்றார். அது வேன் டிரைவர். மாணவிகள் கைதட்டிவிட்டார்கள். டிரைவரும் கும்பிட்டுவிட்டார். பின்னால் இறங்கிய துணைவேந்தர் வெறும் தோளோடு நின்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்ததும் ஜன்னத்துக்கு உயிரே போய்விட்டது. "ஸாரி சார். கண்ணாடி இல்லேன்னா எனக்கு ஆளே தெரியாது சார். வீட்டுல பிள்ளைய கூட குரல வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்" என்று கையைப் பிசைந்தார். பதிவாளர் டிரைவரை முறைத்தார். டிரைவர் பொன்னாடையைக் கழற்றுவதாக இல்லை. பொன்னாடை விழுந்ததும் நம் அதிகாரிகள் கழுத்து வளையாமல் நிற்பார்களே, அப்படி நின்றார்.

ஜன்னத் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்றால், இயற்பியல் ஆய்வகத்துக்கு நாங்கள் அனுமதி கொடுக்க வந்திருக்கிறோம் என்று. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஒவ்வோர் அறையாகக் கூட்டிப்போய் "இங்கன ஸ்பெக்ட்ரோமீட்டர் வைக்கலாம் சார், இது டார்க் ரூமுக்கு சரியா இருக்கும் சார்" என்று காட்டினார். எங்கள் ஆட்கள் வேறு ஏதோ அளந்தார்கள். ஒருவர் ஜன்னல் திரைக்கு அளவு எடுத்தார். ஒருவர் "இதுல அட்டாச்டு பாத்ரூம் வந்துடுமா?" என்று கேட்டார். வேதியியல் கூடத்து ஜன்னலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மலையில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "இங்கேருந்தே தெரியுதே" என்று துணைவேந்தர் மெய்மறந்து நின்றார். கல்லூரியைத்தான் பாராட்டுகிறார் என்று ஜன்னத் பூரித்துப்போனார்.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பதிவாளரை ஓரமாகக் கூப்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. விதிப்புத்தகத்துக்குப் பயந்து நடக்கிறவர். ஒரு வரி விட்டுப்போனால் ராத்திரி தூக்கம் வராது.

"என்னங்க சார் நடக்குது?"

"டேபிள் ஐட்டம் மேடம். நாளைக்கு வரும்."

டேபிள் ஐட்டம் என்பது எங்கள் குழுவின் பழைய வழக்கம். சங்கடமான விஷயம் எதையும் முன்கூட்டி அனுப்ப மாட்டார்கள். கூட்டத்தின் கடைசியில், எல்லோரும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு, மேசை மேல் ஒரு தாளைப் போடுவார்கள். படித்து முடிக்கும் முன்னால் அது நிறைவேறியிருக்கும்.

"இங்க ஸ்ட்ரெங்த் கம்மி மேடம். திருநெல்வேலியில இருக்கிற நம்ம காலேஜோட சேர்த்துடறோம். பில்டிங்கை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கிடறோம். சீசனுக்கு நமக்கு ரூம் பிரச்சினையே இருக்காது."

"அந்த மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சால்வை போடுவாங்களா மேடம்? அதுவும் நாளைக்கே பாஸ் பண்ணியாகணும். அடுத்த வாரம் அட்மிஷன். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க உள்ள வந்துட்டா, அவங்க முடிக்கிற வரைக்கும் காலேஜை அசைக்க முடியாது. ரூல் அப்படி."

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். போர்வெல் மோட்டார் ஓடவில்லை, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள் என்றார் அலுவலகத்து அம்மாள். போய்ப் பார்த்தேன். எங்கள் போட்டிக் கம்பெனி மோட்டார், ஓடாததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கெபாசிட்டர் போயிருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்துக் கடையில் புதிது வாங்கிவரச் சொல்லி மாட்டி, தண்ணீர் வரவைத்துவிட்டு நிமிர்ந்தால் வேன் போய்விட்டிருந்தது. சிண்டிகேட் தலை எண்ணிப் பார்க்கவே இல்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். பக்கத்தில் பேச்சி என்று ஒரு பெண். மூன்றாம் வருஷம் கணக்கு. மோட்டாரை ஓடவைத்த அம்மா நான்தான் என்று தெரிந்ததும் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க மோட்டார் ரிப்பேருக்கா வந்திய?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"எங்க மேடம் எத்தன நாளா எழுதிப் போடுதாங்க. ஒருத்தரும் வரல. நீங்க வந்திய." அவளுடைய தங்கச்சி மகா இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாளாம். அப்ளிகேஷன் போட ரெடியாக இருக்கிறாளாம்.

"திருநெல்வேலியில பெரிய காலேஜ் இருக்குதல்லோ. அங்கே போலாமே?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு நாக்கு கூசியது.

"எங்கப்பா விட மாட்டாவ. எனக்கே இங்கன இருக்கப் போயித்தான் சரின்னாவ. பஸ்ஸு ஏறி அம்புட்டுத் தூரம் போயி, இருட்டுன பொறவு வந்து இறங்குனா, ஊர்ல பேசுவாவ. பேச்சுக்குப் பயந்தே ரெண்டு மாசத்துல கல்யாணம் பேசிருவாவ. எங்க கூடப் படிச்ச புள்ளையளுக்கு அப்படித்தான் ஆச்சு." சர்வசாதாரணமாகச் சொன்னாள். பிறகு, "மகா என்னவிட நல்லாப் படிப்பா. அவ கணக்குல புலி" என்றாள்.

"அப்ளிகேஷன் போடச் சொல்லு" என்றேன். வேறு என்ன சொல்ல? இறங்கியதும் மங்குஸ்தான் வாங்கித் தின்று பார்த்தேன். அவ்வளவு ருசியான பழம், அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை.

சாயந்திரம் எல்லோரையும் செங்கோட்டைப் பக்கம் ஒரு புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊர் புரோட்டாவைப் பிய்க்க இரண்டு கை வேண்டும். இங்கே இலையில் போட்டதுமே தானாக உதிர்கிறது. அதன் மேல் சால்னாவை ஒரு கிண்ணம் அல்ல, ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் பொரித்த கோழி வேறு. கோபமாக இருந்தாலும் சாப்பிட்டேன். சாப்பாட்டின் மேல் கோபத்தைக் காட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

துணைவேந்தர் எதிரில் இருந்தார். மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அந்தப் பிள்ளைகள் திருநெல்வேலிக்குப் போக மாட்டார்கள், படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்றேன்.

"எமோஷனலா பார்க்கக்கூடாது மேடம். பாலிசியா பார்க்கணும்" என்றார் கோழிக்காலைப் பிய்த்துக்கொண்டே. "உங்க கருத்தைக் கண்டிப்பா மினிட்ஸ்ல பதிவு பண்றோம்."

எப்படிப் பதிவு பண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. கெஸ்ட் ஹவுஸ் யோசனையை நான் வரவேற்றேன் என்று வரும். திரைச்சீலைக்கு நல்ல கலர் சொன்னேன் என்றுகூட வரும்.

அப்போதுதான் பதிவாளர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். இதுவும் எங்கள் வழக்கம்தான். மறுநாள் கூட்டத்துக்கான கையெழுத்தை முந்தின நாள் விருந்திலேயே வாங்கிவிடுவார்கள். கையெழுத்து இருந்தால் ஆள் வந்த கணக்கு. அதற்குப் பிறகு ஆள் எங்கே இருக்கிறார் என்று யாரும் தேடுவதில்லை. விலங்கியல் பேராசிரியர் போட்டுவிட்டு அப்படியே அச்சன்கோவிலுக்கு வண்டி ஏறினார். இன்னொருவர் போட்டுவிட்டுக் கொல்லத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். பதிவேடு என்னிடம் வந்தபோது என் வலது கை மணிக்கட்டு வரை சால்னாவில் இருந்தது.

"கையெல்லாம் எச்சிலுங்க சார். காலைல போட்டுத் தர்றனுங்க" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எந்தத் திட்டமும் இல்லை. சால்னாவைத் தவிர ஒன்றும் இல்லை. பதிவாளரும் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டை எண்ணெய் படாமல் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் பேரருவிக்குப் போனேன். இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் போனால் ஊரில் எவளும் என்னை மதிக்க மாட்டாள். பெண்கள் பக்கம் தனியாகக் கம்பி போட்டுத் தடுத்திருக்கிறது. வாசலில் ஒரு பெண் போலீஸ். "சோப்பு, ஷாம்பு இருந்தா வெளிய வச்சிருங்கம்மா. நகையக் கழட்டிருங்க. அந்த ஓரத்துக்குப் போகாதீய, வழுக்கும்" என்று எல்லோருக்கும் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. முதுகில் யாரோ அரிசி மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற மாதிரி இருந்தது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, கெபாசிட்டர் இல்லை, இவ்வளவு தண்ணீர். எங்கள் தொழிலுக்கே இது அவமானம். சுற்றிலும் பெண்கள் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார்கள். யார் கலெக்டர் சம்சாரம், யார் களையெடுக்கிறவர் என்று ஒன்றும் தெரியவில்லை. நானும் கத்தினேன். நல்லாத்தான் இருந்தது.

ஒரு சுற்றுக் குளித்துவிட்டு வெளியே வந்து பையைத் திறந்தால் போன் அலறிக்கொண்டிருந்தது. பதிவாளர்.

"மேடம், எங்கே இருக்கீங்க? கோரத்துக்கு ஒரு கையெழுத்து குறையுது. உங்களுதுதான்."

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்று விதி. அதற்குத்தான் கோரம் என்று பெயர்.

"விலங்கியல் சார்?"

"அவர் போட்டுட்டார் மேடம்."

"அவருதான் ஊர்லயே இல்லீங்களே."

"ஆனா போட்டுட்டாரே மேடம்."

அதாவது அச்சன்கோவிலில் தரிசனம் செய்துகொண்டிருந்தவர் கூட்டத்துக்கு வந்தவர். கூப்பிடு தூரத்தில் நனைந்துகொண்டு நின்ற நான் வராதவள். "வி.சி. பன்னிரண்டு மணிக்குத் திருவனந்தபுரம் ஃப்ளைட்டுக்குக் கிளம்பறார் மேடம். அதுக்குள்ள முடிக்கணும். ஒத்திப்போட்டா மறுபடி நோட்டீஸ் கொடுத்துக் கூட்டறதுக்குள்ள அட்மிஷன் முடிஞ்சுடும். சீக்கிரம் வந்துடுங்க" என்றார் பதிவாளர்.

"அருவியிலதானுங்க இருக்கறன். தலையைத் துவட்டிட்டு வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். நிஜமாகவே துவட்ட ஆரம்பித்தேன். பாதித் தலை துவட்டும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. நான் போய் என்ன பேசினாலும் அதை அவர்கள் மாற்றி எழுதிக்கொள்வார்கள். போகாமல் இருந்தால் எழுத ஒன்றும் இல்லை.

நான் ஒன்றும் துணிச்சல்காரி இல்லை. பெரிய மனிதர்கள் காத்திருக்கும்போது ஒளிந்துகொள்வது மரியாதை இல்லை என்று அப்பா வளர்த்த புத்தி ஒரு பக்கம். கணக்கில் புலியான ஒருத்தி அப்ளிகேஷனோடு உட்கார்ந்திருப்பது ஒரு பக்கம். ஈரத் துண்டைப் பிழிந்து பையில் போட்டேன். பையைப் பெண் போலீஸ் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போனேன்.

"என்னம்மா, இப்பத்தான குளிச்சிய?" என்றார் அவர்.

"பத்தலீங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் பதிவாளர் தெரிந்தார். கோட்டு போட்டு, பதிவேட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் டிரைவர், கழுத்தில் நேற்றைய பொன்னாடை. நான் இரண்டு பருமனான அக்காக்களுக்கு நடுவில் நுழைந்துகொண்டேன். வாசலில் நடந்ததைப் பெண் போலீஸ் பிறகு எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"இந்தப் பக்கம் ஆம்பளைக வரக்கூடாது சார்."

"நான் பல்கலைக்கழகப் பதிவாளர்ம்மா."

"யாரா இருந்தாலும் ஆம்பளைதான சார்."

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அருவிச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது ஜன்னத். மனுஷன் யோசித்து, உள்ளே அனுப்ப ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டார். ஊரில் இவ்வளவு பெண்கள் இருக்க, பிடித்தது இவரை.

ஜன்னத் பொறுப்பு முதல்வர்தான். பதிவாளர் சொல்லை மீறினால் இருக்கிற பொறுப்பும் போகும். பாவம், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் நினைத்தேன்.

ஜன்னத் வாசலில் நின்று உள்ளே ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றிப் பெண் போலீஸிடம் கொடுத்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைத் தடவித் தடவி உள்ளே வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார். கை நீட்டினால் தொடலாம். "வசந்தாமணி மேடம்" என்று கூப்பிட்டார். கூப்பிட்டார் என்று சொல்வதே அதிகம், அது அவருக்கே கேட்டிருக்காது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வேலைக்கு என்னால் கேடு வரக்கூடாது. "ஜன்னத், நான்தானுங்க. வாங்க போலாம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "யாருன்னு தெரியலையே" என்றார். "கண்ணாடி இல்லேன்னா எனக்கு ஆளே தெரியாது."

"குரல் தெரியுமல்லோ?"

"தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றார். பிறகு இன்னும் பக்கத்தில் வந்து, "நேத்து ராத்திரி அந்த டேபிள் ஐட்டத்த என் ஆபீஸ்லதான் நகல் எடுக்கச் சொல்லிக் குடுத்துவிட்டாங்க. எல்லாருக்கும் ஒரு காப்பி. நானே எடுத்து, நானே பின் அடிச்சேன்" என்றார்.

எங்கள் நிர்வாகத்தின் மூளையைப் பாருங்கள். கல்லூரியை மூடுகிற தாளை அந்தக் கல்லூரி முதல்வரையே நகல் எடுக்க வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அருவி இல்லாவிட்டால் அழுதிருப்பேன். அருவி இருந்ததால் அழுததும் தெரியவில்லை.

ஜன்னத் அழவில்லை. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்படியே தண்ணீருக்குள் நுழைந்துவிட்டார். நல்ல சேலை, மீட்டிங்குக்கென்று உடுத்தியது. ரொம்ப நேரம் தலையைக் கொடுத்து நின்றார். "கடையநல்லூர்ல பொறந்து வளந்து, இந்தக் காலேஜுக்கு வந்த பொறவு ஒரு சீசனுக்குக்கூட நான் குளிச்சதில்ல மேடம்" என்றார். யாரென்று தெரியாத ஒருத்தியிடம் மேடம் என்று சொல்கிறோமே என்று அவருக்கும் தோன்றவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை.

அவர் சொட்டச் சொட்ட வெளியே போனபோது பதிவாளர் பாய்ந்து வந்தார். இதையும் போலீஸம்மாதான் எனக்குச் சொன்னார்.

"என்னம்மா, மேடம் எங்கே?"

"உள்ள ஒரே கூட்டம் சார். எல்லாருக்கும் தலை நனைஞ்சு ஒண்ணுபோல இருக்கு. கண்ணாடியப் போட்டா தண்ணி அடிச்சிட்டுப் போயிருது. கழட்டிட்டா எனக்கு ஆள் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியுமே சார்."

பதிவாளர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தாராம். டிரைவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாராம். அதற்கு மேல் பதிவாளரால் என்ன கேட்க முடியும்?

"இன்னொரு தடவ போயிப் பாக்கட்டுமா சார்?" என்று ஜன்னத் ரொம்பப் பணிவாகக் கேட்டிருக்கிறார்.

கூட்டம் வைத்திருந்த விடுதிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது துணைவேந்தர் கிளம்பிப் போயிருந்தார். கூட்ட அறையில் வடை ஆறிக் கிடந்தது. பதிவாளர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"கூட்டம் போச்சு. வந்ததுக்கு ஒரு கையெழுத்தாவது போடுங்க மேடம்."

"கை ஈரமா இருக்குதுங்க சார்" என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். பிறகு, "தண்ணி எப்படி மேடம் விழுது?" என்று கேட்டார். இரண்டு நாளாக இங்கே இருக்கிறாராம், இன்னும் குளிக்கவில்லையாம். "போய்க் குளியுங்க சார். ஆம்பளைங்க பக்கமும் நல்லாத்தான் விழுது" என்றேன். போனாரா என்று தெரியாது. நான் ரயிலில் கோயம்புத்தூர் வரை தும்மிக்கொண்டே வந்தேன்.

அடுத்த கூட்டம் தலைமையிடத்தில், அருவி கிருவி எதுவும் இல்லாத ஏசி அறையில். முந்தின கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். "கோரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது. உடல்நலக் குறைவால் கலந்துகொள்ள இயலாத உறுப்பினர் திருமதி வசந்தாமணி விரைவில் நலம்பெற ஆட்சிக்குழு ஏகமனதாக வாழ்த்தியது" என்று இருந்தது. விலங்கியல் பேராசிரியரும் வாழ்த்தியிருந்தார், அச்சன்கோவிலிலிருந்து. நானும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

எனக்குப் பயந்து ஒரு சீர்திருத்தமும் வந்திருந்தது. இப்போதெல்லாம் பதிவேடு முதலில் வருகிறது, கையெழுத்து வாங்கிய பிறகுதான் வடை. பதிவேட்டோடு அன்றைய பொருள் பட்டியலும் வந்தது. நடுவில் ஒரு வரி: இலத்தூர்ச் சாலை உறுப்புக் கல்லூரி, முதலாண்டு மாணவியர் சேர்க்கை நிறைவுற்றது, குழுவின் ஒப்புதலுக்கு. பின்னிணைப்பில் பெயர்கள் இருந்தன. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கணக்குப் பிரிவைத் தேடினேன். மகா இருந்தாள்.

"மேடம், கை சுத்தமா இருக்கா?" என்றார் பதிவாளர்.

நன்றாகத் துடைத்துக் காட்டிவிட்டு, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.